எச்.ஐ.வி. வேறு, எய்ட்ஸ் வேறு

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு அந்த விளம்பரம் மறந்திருக்காது. எங்கே திரும்பினாலும் ஒரே கேள்வி: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் என்னவென்று வீட்டில் கேட்டால் "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்பார்கள். ஊரில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒரு சொல்லை டீக்கடைப் பேச்சுக்குக் கொண்டுவந்தது அந்த விளம்பரம். அதற்காக அதன் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். எய்ட்ஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வருவதில்லை. வருவது எச்.ஐ.வி. என்கிற வைரஸ். அந்த வைரஸைக் கண்டுகொள்ளாமல் பல வருடம் விட்டுவிட்டால் உடம்பு போய்ச் சேருகிற இடம்தான் எய்ட்ஸ். இரண்டுக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. மருந்து சாப்பிடும் ஒருவர் அந்தத் தூரத்தைக் கடக்காமலேயே பேரன் பேத்தி எடுத்து, வயதாகி, வேறு ஏதோ காரணத்தால் இறக்கலாம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் வைரஸைப் பார்ப்போம். எச்.ஐ.வி. என்பதைத் தமிழில் விரித்தால் மனித நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ். சளி வைரஸ் மூக்கையும் தொண்டையையும் பிடிக்கும், மஞ்சள் காமாலை வைரஸ் கல்லீரலைப் பிடிக்கும். எச்.ஐ.வி. பிடிப்பது நோயை எதிர்க்கிற அமைப்பையே. அதிலும் குறிப்பாக சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களை.

சி.டி.4 அணுவின் வேலையைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்தில் ஊரில் தண்டோரா போட்டவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் ஆயுதம் கிடையாது. ஆனால் ஊருக்குள் திருடன் நுழைந்தால் பறை அடித்து எல்லோரையும் எழுப்புவது அவர்தான். சி.டி.4 அணுவும் அப்படித்தான். கிருமி நுழைந்திருக்கிறது என்ற செய்தியை மற்ற அணுக்களுக்குச் சொல்லி, எதிர்ப்பொருள் தயாரிப்பவர்களையும் நேரடியாகச் சண்டை போடுபவர்களையும் கிளப்பிவிடும். எச்.ஐ.வி. இந்தத் தண்டோராக்காரரைத்தான் குறிவைக்கிறது. சண்டை போடும் அணுக்கள் இருக்கும், ஆனால் அவர்களை எழுப்ப ஆள் இருக்காது.

அணுவுக்குள் நுழைந்ததும் அது செய்கிற காரியம்தான் இந்த நோயின் மையம். தன்னுடைய ஆர்.என்.ஏ. குறிப்பை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் அணுவின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். நம் வீட்டுப் பத்திரத்தின் நடுவில் அடுத்தவர் தன் பெயரில் ஒரு பக்கத்தைச் சேர்த்துத் தைத்துவிடுவது போல. அதற்கப்புறம் அந்த அணு தன் வேலையைச் செய்வதாக நினைத்துக்கொண்டே புதுப் புது வைரஸ்களைத் தயாரித்துக் கொடுக்கும். அப்படிப் பிடிபட்ட அணுக்களில் சில, எதுவும் செய்யாமல் வருடக்கணக்காகத் தூங்கும். தூங்குகிற அணுவுக்குள் இருக்கும் அந்தச் செருகப்பட்ட பக்கத்தை இன்றைய மருந்துகளால் கிழித்தெறிய முடியாது. எச்.ஐ.வி.க்கு ஏன் முழுக் குணம் இல்லை, மாத்திரையை ஏன் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இதுதான்.

வைரஸ் உடம்புக்குள் வந்த 2 முதல் 4 வாரத்தில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி, சிலருக்குத் தோலில் தடிப்பு வரும். சாதாரண வைரல் காய்ச்சல் போலவே இருக்கும், தானாகப் போய்விடும். சிலருக்கு அதுகூட வராது. அப்புறம் நீண்ட அமைதி. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால்கூட 8, 10 வருடம்வரை வெளியில் எதுவும் தெரியாமல் இருக்கலாம். வேலைக்குப் போவார், கல்யாணம் செய்துகொள்வார், ரத்தம்கூடக் கொடுப்பார். ஆளைப் பார்த்து எச்.ஐ.வி. இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. மெலிந்து போனவரைப் பார்த்து ஊர் கிசுகிசுக்கும். அவருக்குச் சர்க்கரையாக இருக்கும். கட்டுமஸ்தாக இருப்பவருக்கு எச்.ஐ.வி. இருக்கும்.

அந்த அமைதிக் காலத்தில் உள்ளே எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். நலமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1,500 சி.டி.4 அணுக்கள் இருக்கும். அது 200-க்குக் கீழே போய்விட்டால், அல்லது எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவரிடம் தலைகாட்டாத சில நோய்கள் வந்துவிட்டால், அந்த நிலைக்குப் பெயர்தான் எய்ட்ஸ். அது தனி ஒரு நோயே கிடையாது, பல நோய்கள் சேர்ந்து தாக்கும் ஒரு நிலை. மூளைக்காய்ச்சல் தரும் பூஞ்சை, ஒருவகை நிமோனியா, தொண்டைக்குள் இறங்கும் வெண்புண், நம் நாட்டில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் காசநோய். சென்னை தாம்பரத்தில் 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கிய சானடோரியம், 1990-களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் தேடிப்போகும் இடமாக மாறியது இதனால்தான். இருமலோடு வந்தவர்களிடம் இருமலுக்குப் பின்னால் இருந்த இன்னொன்று தெரியவந்தது.

என் பெரியப்பா மகனுக்கும் இருமலில்தான் தெரிந்தது. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். 2011-இல் மூன்று வாரமாக இருமல் நிற்காமல், அரசு மருத்துவமனையில் சளி பரிசோதித்தார்கள். காசநோய். காசநோய் என்றால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வது வழக்கம். அதுவும் பாசிட்டிவ். சி.டி.4 எண்ணிக்கை 140. அவருக்கு அப்போது மூன்று வயதில் ஒரு மகள்.

அவர் வீட்டுக்குப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்களில் ஒன்றின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. பெரியம்மா வைத்தது. அவருக்கு மட்டும் அந்த டம்ளர். மகன் மேல் உயிரையே வைத்திருந்த தாய் அவர். யாரும் அவருக்கு எதையும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். எச்.ஐ.வி. பரவப் போதுமான அளவில் இருப்பது ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில் மட்டும். எனவே வழிகளும் எண்ணிவிடக்கூடியவை: ஆணுறை இல்லாத உடலுறவு, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, பரிசோதிக்காத ரத்தத்தை ஏற்றுவது, கர்ப்பத்திலோ பிரசவத்திலோ பாலூட்டும்போதோ தாயிடமிருந்து குழந்தைக்கு. ஆண் பெண் உறவானாலும் ஆண் ஆண் உறவானாலும் வைரஸுக்கு வித்தியாசம் தெரியாது, தாலி கட்டிய உறவா என்றும் பார்க்காது. நம் நாட்டில் கணவனைத் தவிர யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு வந்தது அப்படித்தான்.

எச்சிலில், வியர்வையில், கண்ணீரில் பரவாது. ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே கழிப்பறைக்குப் போனால், கட்டிப்பிடித்தால், முத்தம் கொடுத்தால் வராது. உடம்புக்கு வெளியே வந்து காய்ந்துவிட்டால் இந்த வைரஸ் தாக்குப்பிடிக்காது. கொசுவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கொசு கடிக்கும்போது நமக்குள் விடுவது தன் எச்சிலை, போன வீட்டில் குடித்த ரத்தத்தை இல்லை. மலேரியா கிருமி கொசுவுக்குள் வளர்ந்து எச்சிலுக்கு வந்து சேரும். எச்.ஐ.வி.க்கு அங்கே பெருக இடமில்லை, கொசுவின் வயிற்றிலேயே செரித்துப்போகும். மருத்துவமனையில் எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி செவிலியர் கையில் தவறிக் குத்திவிட்டால்கூட, பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். அதற்கும் தடுப்பு மருந்து இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சரி, இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தியாவில் அதை முதலில் கண்டறிந்த கதையே நம் ஊர்க் கதைதான். 1981 ஜூனில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியாவோடு இந்த நோய் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. 1983-இல் பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அதெல்லாம் வெளிநாட்டு வியாதி, இங்கே வராது என்று நம்மூரில் சொல்லிக்கொண்டிருந்தோம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அதை அப்படியே நம்பத் தயாராக இல்லை. முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதையே ஆய்வாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாலியல் தொழிலில் இருந்து பிடிபட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்ட பெண்களிடம் நிர்மலா ரத்த மாதிரி எடுத்தார். மாதிரிகளை வைக்க வேறு வசதியில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தார். 1986 பிப்ரவரியில் கணவருடன் ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எடுத்துப் போனார். அங்கே சோதித்ததில் ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். அமெரிக்காவில் செய்த மறு சோதனையும் அதையே சொன்னது. எய்ட்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று நாட்டுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அந்தக் கண்டுபிடிப்பால் பல உயிர்கள் பிழைத்தன. ரத்த வங்கிகளில் பரிசோதனை வந்தது, 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது, 1994-இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அன்றைய நடைமுறை அது, ஒருவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இருந்தாலும் அந்த ஆறு பேரை நினைக்காமல் இந்தக் கதையை என்னால் சொல்ல முடியவில்லை. இன்று ஒருவருக்குச் சொல்லாமல், அவர் சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. அது சட்டம்.

இன்றைய பரிசோதனைக்கு ஃபிரிட்ஜும் வேண்டாம், ரயிலும் வேண்டாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை இருக்கும். உள்ளே ஓர் ஆலோசகர், ஒரு லேப் டெக்னீஷியன். முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார், சம்மதம் கேட்பார். அப்புறம் கொஞ்சம் ரத்தம். விரல் அளவு இருக்கும் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் ஒரு சொட்டு விடுவார்கள், மேலே ஒரு திரவத் துளி. சொட்டு மெதுவாக ஊறிப் பரவும். முதலில் ஒரு கோடு தோன்றும், அது அட்டை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு. இரண்டாவது கோடும் தோன்றினால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். கர்ப்பம் பார்க்கும் அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரே அட்டையை வைத்து யாருக்கும் பாசிட்டிவ் என்று சொல்லிவிட மாட்டார்கள். வெவ்வேறு தயாரிப்பில் மூன்று சோதனை செய்து, மூன்றும் ஒரே பதிலைத் தந்தால்தான் முடிவு. எல்லாம் இலவசம், முடிவு ரகசியம்.

ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. இந்த அட்டை தேடுவது வைரஸை இல்லை, வைரஸுக்கு எதிராக நம் உடம்பு செய்த எதிர்ப்பொருளை. அது உருவாகக் காலம் எடுக்கும். நேற்று நடந்ததற்கு இன்று சோதித்தால் நெகட்டிவ் என்றுதான் வரும், அதை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் உறுதி.

பெரியப்பா மகனான அந்த அண்ணனுக்கு, எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கினார்கள். கூட்டு மருந்து என்று ஏன் சொல்கிறோம்? எச்.ஐ.வி. தன்னைப் படியெடுக்கும்போது ஏகப்பட்ட எழுத்துப்பிழை விடும். அந்தப் பிழைகளில் ஏதாவது ஒன்று, ஒரு மருந்துக்குத் தப்பித்துக்கொள்ளும் வைரஸாக அமைந்துவிடும். 1987-இல் வந்த முதல் மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது அதுதான் நடந்தது. வெவ்வேறு இடத்தில் அடிக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தப்பிக்க முடியாது. 1996 வாக்கில் இது நிரூபணமான பிறகு மரணங்கள் மளமளவென்று குறைந்தன. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசு இதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. அப்போது சி.டி.4 எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். 2017 முதல் அந்தக் காத்திருப்பு இல்லை. பாசிட்டிவ் என்று தெரிந்தால் எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் மருந்து உண்டு.

இப்போது பெரும்பாலானவர்களுக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில். அண்ணன் ராத்திரி ஒன்பது மணிக்குப் போனில் அலாரம் அடித்ததும் சாப்பிடுவார். "சுகர்காரங்க ரெண்டு வேளை போடுறாங்க தம்பி, நான் ஒரு வேளைதான்" என்பார். விட்டுவிட்டுச் சாப்பிடுவதுதான் இதில் ஆபத்து. மருந்து அரைகுறையாக இருக்கும் நாட்களில்தான் வைரஸ் தப்பிக்கக் கற்றுக்கொள்ளும். ஊர்த் திருவிழா, வெளியூர்ப் பயணம் என்று எதுவந்தாலும் அவர் பையில் மாத்திரை இருக்கும்.

அவருக்கு இப்போது சி.டி.4 எண்ணிக்கை 600-க்கு மேல். வைரல் லோட் பரிசோதனையில், அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று எண்ணும் சோதனையில், கண்டறிய முடியவில்லை என்றுதான் தொடர்ந்து வருகிறது. ஒரு காலத்தில் 140-க்கு இறங்கியவர், இன்று நூறு கிலோ இரும்புச் சட்டத்தை ஆள் வைத்துத் தூக்கி நிறுத்துகிறார். எய்ட்ஸ் நிலைவரை போனவர்கூடத் திரும்பி வர முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இங்கே மிக முக்கியமான ஒன்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே தொடர்ந்து இருக்குமானால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து யாருக்கும் எச்.ஐ.வி. பரவாது. குறையும் என்று சொல்லவில்லை, பரவாது. ஐரோப்பாவில் ஒருவருக்கு இருந்து இணைக்கு இல்லாத சுமார் 900 ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு, சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து மற்றவருக்கு ஒரு முறைகூடப் பரவவில்லை. மருந்து சாப்பிடுபவர் தன் உயிரை மட்டும் காப்பதில்லை, தொற்றுச் சங்கிலியையே தன்னோடு நிறுத்திவிடுகிறார். ஆனால் மற்ற பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

குழந்தை விஷயத்திலும் அப்படித்தான். எதுவும் செய்யாமல் விட்டால் நூறில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து பரவும். தாய் மருந்தில் இருந்து, குழந்தைக்கும் பிறந்ததும் மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே வந்துவிடும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள் என்று கோபப்படுபவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தவறு நடந்துவிட்டது, ஆணுறை கிழிந்துவிட்டது, ஊசி குத்திவிட்டது, பலாத்காரம் நடந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் மருந்து கொடுப்பார்கள், அது வைரஸ் வேரூன்றுவதற்கு முன்னால் தடுக்கும். நாலாவது நாள் போனால் அந்த வாய்ப்புக் கைவிட்டுப் போயிருக்கும். தொற்று வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள் முன்கூட்டியே சாப்பிடும் தடுப்பு மாத்திரையும் உண்டு. முழுக் குணம் என்று பார்த்தால், பெர்லினில் சிகிச்சை பெற்ற டிமோதி ரே பிரவுன் போல உலகில் சிலருக்கு நடந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் போன்ற கொடிய நோய் இருந்ததால் செய்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையில் நடந்தது. உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையை எச்.ஐ.வி.க்காக மட்டும் யாருக்கும் செய்ய மாட்டார்கள். மூலிகையால் ஒரே மாதத்தில் குணம் என்று சொல்பவரை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தியவர்களின் கதை நல்லபடியாக முடிவதில்லை.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். தனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் அது தெரிந்ததும் தானே ஓடிப் போய் மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். சில நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். இருபது வயதுகூட ஆகவில்லை. ஒரு மாத்திரையோடு அறுபது எழுபது வயதுவரை வாழ்ந்திருக்க வேண்டிய பிள்ளை. எச்.ஐ.வி. அவரைக் கொல்லவில்லை.

அண்ணனுக்கும் அடி விழுந்தது. சில வருடம் முன்பு குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் போனார். தேதி குறித்து, முந்தின நாள் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் "டாக்டர் ஊரில் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு வேறொரு மருத்துவமனையில் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் செய்துகொண்டார். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும், வேலையிலிருந்து நீக்குவதும், பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க மறுப்பதும், ஒருவர் நிலையை அவர் சம்மதமின்றி வெளியில் சொல்வதும் கூடாது. புகார் கேட்கக் குறைதீர்ப்பாளர் உண்டு. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "புகார் கொடுத்தா பட்டறைக்கு யாரு வருவா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெரியம்மா கதையை முடித்துவிடுகிறேன். இரண்டாவது மாதம் மருந்து வாங்கப் போனபோது அண்ணனோடு அவரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனார். அங்கிருந்த ஆலோசகர் அரை மணி நேரம் உட்கார்ந்து, அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெரியம்மா பிளேடால் அந்தப் புள்ளியைச் சுரண்டினார். முழுதாகப் போகவில்லை, லேசாகக் கீறல் நின்றுவிட்டது. அந்த டம்ளரில்தான் எனக்குக் காபி கொடுத்தார்.

உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ கேள்வி இருந்தால் 1097 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை. பெயர் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே பேசலாம்.